18-ஆம் நூற்றாண்டுக் கோடு வேண்டுமா? ஹார்டு கிரவுண்ட் உருண்டை: ஒரு மதிப்பீடு

செப்புத் தகட்டில் எட்சிங் செய்பவர்களுக்குக் கடையில் இன்று மூன்று வகை கிரவுண்ட் கிடைக்கிறது: புட்டியில் வரும் திரவம், தண்ணீர் சார்ந்த அக்ரிலிக், கறுப்பு உருண்டையாக வரும் பழைய மெழுகுக் கலவை. பொதுவாக எது நல்லது என்ற கேள்விக்கு இங்கே போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டு அலங்கார அச்சுகளில் சங்கும் இலைச்சுருளும் நீர் வழியும் கிண்ணமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமே, அந்தக் கோட்டைத் தகட்டில் கொண்டுவர எது உதவும் என்பது மட்டுமே கேள்வி. அந்த வேலைக்கு உருண்டையை மிஞ்ச எதுவும் இல்லை. கற்றுக்கொள்ளச் சிரமம்தான், ஆனாலும் அதுதான் சரியான பொருள்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: பளபளப்பாக்கிய செப்புத் தகட்டின் மேல் அமிலம் புகாத மெல்லிய படலம் ஒன்றைப் பூசுகிறோம். அதுதான் கிரவுண்ட். ஊசியால் வரைந்தால் படலம் விலகிச் செம்பு தெரியும். தகட்டை அரிகரைசலில் வைத்தால் திறந்த கோடுகளை மட்டும் அது கடித்துப் பள்ளமாக்கும். படலத்தைத் துடைத்தெடுத்து, பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக்காகிதத்தை மேலே வைத்து அழுத்தினால் அச்சு வரும்.

ரோகோகோ என்பது மேலே சொன்ன சங்கும் சுருளுமான 18-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பாணி. அந்தக் காலத்து அலங்காரத் தாள்கள் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் அச்சானவை அல்ல. வெள்ளி வேலைக்காரர், மரச்செதுக்குக்காரர், சுதை வேலை செய்பவர், பீங்கானில் வண்ணம் தீட்டுபவர் எல்லோருக்கும் அவை வடிவப் புத்தகங்கள். பாரிஸில் மெசோனியே என்ற பொற்கொல்லரின் (1695–1750) வடிவங்களை வெளியிட்டு விற்றவர் காப்ரியேல் யூக்கியே (1695–1772). யூக்கியே தானும் எட்சிங் செய்தவர். மியூனிக்கில் ஃபிரான்சுவா த குவியே என்ற கட்டடக் கலைஞர் 1738 முதல் இப்படிப்பட்ட தாள்களை வெளியிட்டார். லண்டனில் மத்தியாஸ் லாக் என்ற மரச்செதுக்குக்காரர் 1744-இல் சுவர் விளக்குத் தாங்கிகளுக்கு ஆறு வடிவங்கள் வெளியிட்டார், 1746-இல் மேசைகளுக்கு ஆறு. உளி பிடித்துப் பழகிய கை என்பதால் அவருடைய கோட்டில் மரம் எங்கே குழியும், எங்கே எழும் என்பது தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு எட்சிங்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பியூரின் என்ற செதுக்குக் கருவியை உள்ளங்கையால் தள்ளித்தான் செம்பில் ஓட்ட வேண்டும். வளைவு வந்தால் தோல் மெத்தையின் மேல் தகட்டையே சுழற்ற வேண்டும். சமச்சீரில்லாமல் ஓடும் சுருளுக்கு அது மிக மெதுவான வழி. எட்சிங் ஊசியோ பேனாவைப்போல எந்தப் பக்கமும் ஓடும். ஆனால் ஊசிக்கோட்டின் கனம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றேதான். அதனால் அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் மூன்று வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். தகட்டைப் பல கட்டங்களாகக் கடிக்க வைத்தார்கள். எஷோப் என்ற சாய்முனைக் கருவியால் கோட்டைத் தடிமனாக்கினார்கள். கடைசியில் தேவையான இடத்தில் பியூரினால் அழுத்தம் கொடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் இத்தகைய தாள்களின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. பெரிதாக்கிப் பாருங்கள். நுனி மொட்டையாக முடிந்தால் அது கடித்த கோடு. நுனி மயிரிழையாக மெலிந்து மறைந்தால் அது பியூரின். ஒரே இலையில் இரண்டும் இருக்கும்.

கிரவுண்டின் தரம் சோதிக்கப்படுவது முதல் இரண்டு வழிகளில்தான். எஷோப் அகலமான பட்டையாகப் படலத்தை அகற்றும்போது ஓரம் பிசிறக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கரைசலில் இருந்தும், இடையிடையே கழுவி உலர்த்தி போதுமான அளவு கடிபட்ட கோடுகளை மூடும் மறைப்பு வார்னிஷ் பூசியும், படலம் தளரக்கூடாது.

இனி உருண்டை. இந்தக் கலவையின் வரலாறு நீளமானது. ஆப்ரகாம் போஸ் என்ற பிரெஞ்சு எட்சிங் கலைஞர் 1645-இல் பாரிஸில் வெளியிட்ட எட்சிங் கையேட்டில் இரண்டு வார்னிஷ்கள் வருகின்றன: சூடேற்றிச் சுட்டெடுக்கும் எண்ணெய் வார்னிஷ் ஒன்று, மெழுகு வார்னிஷ் மற்றொன்று. அந்தக் கையேட்டை 1745-இல் கொஷேன் என்ற இன்னொரு பிரெஞ்சு எட்சிங் கலைஞர் திருத்தி வெளியிட்டார். அந்தக் காலகட்டத்தில் மெழுகு வகைதான் பட்டறை வழக்கமாகியிருந்தது. அன்று அதை மென்வார்னிஷ் என்றார்கள். இன்று ஹார்டு கிரவுண்ட் என்று விற்பது அதன் நேர் வாரிசு. கொழுப்புச் சேர்த்த இன்றைய சாஃப்ட் கிரவுண்ட் வேறு பொருள், இந்த வேலைக்கு ஆகாது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

உருண்டைக்குப் பெயர் பெற்ற தயாரிப்பு பாரிஸின் ஷார்போனெல், 1862-இல் தொடங்கிய நிறுவனம். அச்சு மைக்கும் அதே பெயர்தான். வேறு சில பழைய கலைப்பொருள் கடைகளும் தங்கள் பெயரில் உருண்டை விற்கின்றன. எதுவானாலும் உள்ளே இருப்பது தேன்மெழுகு, ஆஸ்பால்ட்டம் என்ற நிலக்கீல், ஏதாவதொரு பிசின் என்ற குடும்பம்தான். நல்ல உருண்டை அறைச்சூட்டில் நகம் பதியாத கெட்டியாக இருக்கும், தட்டினால் கண்ணாடிபோல் உடையும், உடைந்த பக்கம் பளபளக்கும். நகம் எளிதில் பதிந்தால் மெழுகு அதிகம். விரலில் தூளாக உதிர்ந்தால் பிசின் அதிகம், அது வரையும்போதும் உதிரும்.

முதல் வேலை தகடு. 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு போதும். நான்கு விளிம்புகளையும் 45 டிகிரிச் சரிவாக அரத்தால் அராவி, தேய்ப்பானால் மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சு இயந்திரத்தில் காகிதமும் கம்பளியும் கிழியும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் தூளில் சில சொட்டு அம்மோனியா விட்டுக் குழைத்து, துணியால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகத் தகட்டில் நின்றால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பிசுக்கு இருக்கிறது, மறுபடி தேயுங்கள். இதன்பின் முகப்பில் விரல் படக்கூடாது. உருண்டைமேல் வரும் புகார்களில் பாதி உண்மையில் இந்தக் கட்டத்தின் புகார்கள்தான்.

தகட்டை மின்தட்டில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். உருண்டையைத் தொட்டால் அது வழுக்கி உருகிக் கோடிட வேண்டும், புகை வரக்கூடாது. தேன்மெழுகு உருகுவது சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். கலவை முழுதும் இளக அதைவிடச் சற்று மேலே போக வேண்டும். புகை கிளம்பினாலோ குமிழி வந்தாலோ கிரவுண்ட் கருகிவிட்டது என்று பொருள். கருகியதை உருட்டிச் சமாளிக்க முடியாது, துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். பழைய பட்டறைகளில் உருண்டையைப் பட்டுத்துணியில் கட்டியே தகட்டில் தேய்ப்பார்கள். துணி வடிகட்டியாகி மண்ணையும் கட்டியையும் நிறுத்திவிடும். இன்றும் அது நல்ல பழக்கம், செலவும் இல்லை.

நாலைந்து கோடுகள் உருகியதும் தோல் ரோலரால் பரப்புங்கள். ரோலர் இல்லாவிட்டால் பட்டு சுற்றிய பஞ்சுப்பொதியால் ஒற்றி ஒற்றிப் பரப்பலாம். ஒரே திசையில் மட்டும் உருட்டாமல் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு முறையும் ரோலரைத் தூக்கி வைத்து உருட்ட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு இரண்டு மடங்கு பூசிவிடுகிறார்கள். சரியான படலம் பொன்பழுப்பு நிறத்தில் இருக்கும், செம்பு உள்ளே தெரியும். தடித்துப்போனால் ஊசி இழுபடும், கோட்டின் இரு கரையிலும் துணுக்கு குவியும், நெருங்கிய இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள படலம் பெயர்ந்துவிடும். மெலிந்துபோனால் அரிகரைசல் ஊசித்துளை வழியே புகுந்து தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கடித்துவிடும்.

அடுத்தது புகையேற்றல். பலர் தவிர்க்கப் பார்க்கும் கட்டம் இது. தவிர்க்கவே கூடாது என்பேன். ஐந்தாறு மெல்லிய மெழுகுத் திரிகளை ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்தால் கரியுள்ள பெரிய சுடர் வரும். தகடு சூடாக இருக்கும்போதே, விளிம்பில் காகித மடிப்பு வைத்துக் கைப்பிடிக் குறடால் கவ்வி, முகப்பு கீழே பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். சுடரின் மேல்நுனி மட்டும் படலத்தைத் தொடவேண்டும், கை ஒரு நொடியும் நிற்கக்கூடாது. சுடரின் கரி இளகிய மெழுகில் கலந்து ஊறும். முடிவில் தகடு கரும்பளபளப்பாக மாறியிருந்தால் வெற்றி. மங்கிய கறுப்பாக, விரல் பட்டால் கரி ஒட்டும்படி இருந்தால் படலம் புகைபடும் முன்பே ஆறிவிட்டது. மின்தட்டில் வைத்து லேசாகச் சூடேற்றினால் கரி உள்ளே இறங்கும். சாம்பல்நிறத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடம் கருகியது, வரைந்தால் உடையும்.

புகையேற்றுவதால் கிடைப்பது கருமை மட்டும் இல்லை. கரி கலந்த படலம் சற்று இறுகி, அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது. கறுப்புப் பின்னணியில் செம்பு மின்னுவதால் எங்கே வரைந்தோம், எங்கே விட்டோம் என்பது தெளிவாகத் தெரியும். ஓர் இலைச்சுருளுக்குள் நூற்றுக்கணக்கான சிறு கோடுகள் விழும் வேலையில் இந்தத் தெளிவு இல்லாமல் முடியாது. திரவ கிரவுண்டில் கறுப்பு முன்பே கலந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் அது தடிப்பில் வரும் கறுப்பு, இது மெல்லிய படலத்திலேயே வரும் கறுப்பு.

வடிவத்தைத் தகட்டுக்கு மாற்ற எளிய வழி உண்டு. மென்பென்சிலால் மெல்லிய காகிதத்தில் வரைந்து, காகிதத்தை ஈரப்படுத்தி, முகம் கீழாகத் தகட்டில் வைத்து, அச்சு இயந்திரத்தில் குறைந்த அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பென்சில் கறுப்புப் படலத்தில் வெள்ளிக்கோடாக ஒட்டும். தகட்டில் அது இடவலம் மாறியிருப்பதால் இறுதி அச்சு மூலப்படத்தின் திசைக்கே திரும்பும்.

ஊசியால் செம்பைக் கீற வேண்டாம். படலத்தை விலக்கி உலோகத்தைத் தொட்டால் போதும், ஆழத்தைக் கரைசல் பார்த்துக்கொள்ளும். முனை கூர்மையாக இருந்தால் செம்பில் மாட்டிக்கொள்ளும். நுண்ணிய எண்ணெய்க்கல்லில் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து முனையைச் சிறிது உருட்டிவிடுங்கள், வளைவுகளில் அப்போதுதான் வழுக்கும். எஷோப் செய்யத் தடித்த எஃகு ஊசியின் முனையை ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வில் தேய்த்து நீள்வட்ட முகமாக்க வேண்டும். முகத்தின் விளிம்பால் இழுத்தால் மெல்லிய கோடு, அப்படியே விரலிடுக்கில் உருட்டினால் கோடு பருக்கும், திரும்ப உருட்டினால் மெலியும். சங்கின் விளிம்பை ஒரே இழுப்பில் இப்படி வரையலாம். உருண்டைப் படலத்தில் இந்த இழுப்பு சுத்தமாக வெட்டிக்கொண்டு வருகிறது, ஓரம் நேராக நிற்கிறது. ஒரு நாள் உலர்ந்த திரவ கிரவுண்டில் ஓரளவுக்கு வரும். சில நாள் ஆன பிறகு அது சில்லாகத் தெறிக்கத் தொடங்கும். அக்ரிலிக்கிலோ படலம் ரப்பர்த்தன்மையோடு கிழிபடும், பட்டையின் ஓரம் நார் நாராக நிற்கும். எஷோப் வேலைக்கு அக்ரிலிக் வாங்க வேண்டாம்.

குறுக்குக்கோடுகளில் வித்தியாசம் இன்னும் வெளிப்படும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நடுவே சின்னச் சதுரமாகப் படலம் தீவுபோல் நிற்கிறது. அது பெயர்ந்தால் அந்த இடம் முழுவதும் பள்ளமாகி, அச்சில் நடு வெளிறிய அழுக்குத் திட்டாக விழும். சூட்டில் உருகிச் செம்போடு ஒட்டிய உருண்டைப் படலத்தில் அந்தத் தீவு நிற்கும். கரைப்பான் ஆவியாகிக் காய்ந்த படலத்தில் அந்த அளவு ஒட்டு கிடையாது.

கடிக்க வைப்பதற்கு அக்காலத்தவர் தகட்டைச் சுற்றி மெழுகுக் கரை கட்டி நைட்ரிக் அமிலத்தை ஊற்றினார்கள். எழும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், குமிழி நின்ற இடத்தில் கோடு அறுந்துபோகும் என்பதால். வீட்டுப் பட்டறையில் நைட்ரிக் வேண்டாம், அதன் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஃபெரிக் குளோரைடு போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் அதே பொருள்தான். தூளைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தூள்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சாதாரணக் கரைசலில் பழுப்பு வண்டல் கோட்டுக்குள் படிந்து கடியைத் தடுக்கும், ஆகவே தகட்டை முகம் கீழாக மிதக்கவிடுங்கள் அல்லது நிமிர்த்தி வையுங்கள். சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். 1990-களில் எடின்பரோவில் உருவான கலவை அது: செறிந்த ஃபெரிக் குளோரைடு கரைசல் 800 மில்லிலிட்டர், தண்ணீர் 150, சிட்ரிக் அமிலத் தூள் 50 கிராம். தூளை முதலில் வெந்நீரில் கரைத்துவிட்டுச் சேருங்கள். இதில் தகட்டை முகம் மேலாகவே வைக்கலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபெரிக் செங்குத்தாக இறங்கும், நைட்ரிக் பக்கவாட்டிலும் விரியும். அதனால் ஃபெரிக்கில் கடித்த கோடு மூலத்தாள்களைவிடச் சற்றுக் கறாராக, இறுக்கமாக இருக்கும். எஷோப்பை அதிகம் பயன்படுத்தினால் இந்த வேறுபாட்டை ஓரளவு ஈடுகட்டலாம்.

கட்டங்கள் இப்படி: முழுத் தகட்டையும் சுமார் 10 நிமிடம் கடிக்க வைத்து, எடுத்துக் கழுவி, உலர்த்தி, தொலைவில் இருக்கவேண்டிய மென்கோடுகளை மறைப்பு வார்னிஷால் மூடுங்கள். மீண்டும் 15 நிமிடம், நடுத்தரக் கோடுகளை மூடுங்கள். மிச்சம் திறந்திருக்கும் சங்கின் விளிம்பு, சுருளின் அடிநிழல், எஷோப் பட்டைகள் ஆகியவை இன்னும் 35 நிமிடமாவது இருக்கட்டும். புதுக் கரைசல், 25 டிகிரி என்ற கணக்கில் சொன்னவை இவை. கரைசலில் செம்பு சேரச்சேர வேகம் குறையும், வெப்பம் ஏற ஏறக் கூடும். அதே செம்பின் துண்டு ஒன்றில் 5, 10, 20, 40, 60 நிமிடம் என்று சோதனை அச்சு எடுத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதைப் பார்க்காமல் பெரிய தகட்டை இறக்குவது வீண் துணிச்சல். பின்பக்கத்தையும் சரிந்த விளிம்புகளையும் மூட மறக்காதீர்கள். படலம் முதலில் தளர்வது விளிம்பில்தான்.

இவ்வளவு மாறி மாறிக் கழுவி உலர்த்தியும் நல்ல உருண்டைப் படலம் அசையாமல் நிற்பதுதான் அதன் பெரிய பலம். உலர்த்தும்போது மட்டும் கவனம் தேவை. சூடான முடியுலர்த்தியைக் காட்டினால் மெழுகு இளகி மெல்லிய கோடுகள் மூடிக்கொள்ளும். குளிர்காற்று மட்டும் காட்டுங்கள், அல்லது உறிஞ்சுதாளால் ஒற்றி எடுங்கள்.

இதன் குறைகள் என்ன? முதலாவது வெப்பம். வெயில் காலத்தில் அறை 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் படலம் லேசாகப் பிசுபிசுக்கும், கை வைத்த இடத்தில் ரேகை பதியும், அந்த ரேகை வழியே கரைசல் கடிக்கும். தகட்டின் இருபுறமும் கட்டை வைத்து, குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் கையை ஊன்றி வரைவது ஒன்றே வழி. காலை நேரத்தில் வரைவதும் உதவும். இரண்டாவது புகை. ஆஸ்பால்ட்டமும் பிசினும் சூடாகும்போது வரும் ஆவி தொண்டையைக் கமறும். பிசின் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. சன்னலும் வெளியேற்றும் விசிறியும் இல்லாத அறையில் இதைச் செய்யாதீர்கள். திரியின் கரி கூரைவரை போகும், அதற்கும் ஓரிடம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, பொருள்களின் பட்டியல்: மின்தட்டு, தோல் ரோலர், குறடு, திரி. திரவ கிரவுண்டுக்கு ஒரு தூரிகை போதும்.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதன்முறை எட்சிங் செய்பவர்களுக்கும் அக்ரிலிக்கைச் சொல்வேன். சலவைச்சோடாக் கரைசலில் கழன்றுவிடும், தீயும் இல்லை, புகையும் இல்லை. பெரிய தகட்டில் தடித்த, தளர்ந்த கோடு வரைபவர்களுக்குத் திரவம் போதும். தகட்டைச் சாய்த்து ஊற்றினால் கீழ் விளிம்பில் தடித்துவிடும் என்பதால் அதைத் தட்டையாக வைத்து அகலத் தூரிகையால் பூசுவது மேல். லாக்கின் விளக்குத் தாங்கியையோ குவியேயின் சட்டகத்தையோ நகலெடுத்துப் பழக விரும்புபவர்கள், அந்த மரபில் புதிதாக வரைய விரும்புபவர்கள் உருண்டையை வாங்குங்கள். தகட்டுக்கு ஆவது சிறிதளவே, ஓர் உருண்டை நெடுநாள் வரும். தூசி படாமல் மூடிய டப்பாவில், வெயில் படாத இடத்தில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாதவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். பட்டறைகளில் வழங்கும் விகிதம் ஒன்று: எடைக்கணக்கில் தேன்மெழுகு 2 பங்கு, ஆஸ்பால்ட்டம் தூள் 2 பங்கு, ரோசின் என்ற பைன் மரப் பிசின் 1 பங்கு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் மெழுகை முதலில் உருக்கி, ரோசின் தூளைச் சேர்த்துக் கரைத்து, ஆஸ்பால்ட்டத்தைக் கடைசியாகச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பழைய நைலான் துணியில் வடிகட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றினால் திரளும், ஈரக்கையால் உருட்டிக்கொள்ளலாம். கோடைக்கு ஆஸ்பால்ட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். குளிர்மாதங்களில் படலம் சில்லாகத் தெறித்தால் அடுத்த உருண்டையில் மெழுகைக் கூட்டுங்கள். முதல் உருண்டையை நல்ல தகட்டில் போடாமல், சோதனைத் துண்டில் குறுக்குக்கோடு வரைந்து ஒரு மணி நேரம் கரைசலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.